பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிக்கான் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர்: இரண்டு பருவ அனுபவம்

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே செல்லும் சாலையில் மார்கழி, தை மாதங்களில் வண்டியை ஓரங்கட்டினால் பூநாரைகள் கூட்டங்கூட்டமாகத் தெரியும். ஆனால் அவை சேற்றுப்பரப்பைத் தாண்டி வெகுதொலைவில் மேய்வதால், 500 மி.மீ. லென்ஸிலும் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் பதிவாகும். ஆரம்பாக்கத்திலிருந்து அடிக்கடி அங்கே போய்வரும் எனக்கு நிக்கான் டிசி-14இ மூன்றாம் பதிப்பை, அதாவது கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தி லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டரை, வாங்கத் தூண்டியது இந்தத் தொலைவுதான். டி500 கேமராவில், 300 மி.மீ. எஃப்/4 பிஎஃப், 200-500 மி.மீ. எஃப்/5.6 ஆகிய இரு லென்ஸ்களோடும் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறிதாகும்) இதை இரண்டு பருவங்கள் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரே கன்வெர்ட்டர், ஒரே கேமரா, ஆனால் இரண்டு லென்ஸ்களிலும் இரண்டு வேறு கருவிகளைப் போல நடந்துகொண்டது.

குவியத் தூரம் 1.4 மடங்காகும்போது ஒளி சரிபாதியாகிறது என்பது பலருக்கும் தெரிந்த கணக்கு: ஒளி உணர்திறன் அளவான ஐஎஸ்ஓ 800-இல் எடுத்ததை 1600-இல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையான விலையை ஆட்டோஃபோகஸ்தான் கொடுக்கிறது. டி500 போல உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் ஃபோகஸ் உணரிகள் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டே தூரத்தைக் கணிக்கின்றன; துளை சுருங்கச் சுருங்க அந்த ஓர ஒளி உணரியை எட்டுவதே இல்லை. அதனால்தான் டி500-இன் 153 ஃபோகஸ் புள்ளிகளில் எஃப்/8-இல் நடுவிலுள்ள 15 மட்டுமே இயங்குகின்றன, அவற்றிலும் நாம் தேர்ந்தெடுக்கக்கூடியவை 9. அந்தக் கண்ணாடி இல்லாமல், படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும் மிரர்லெஸ் கேமராக்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் என் புலம்பலில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

300 மி.மீ. லென்ஸோடு இது 420 மி.மீ. எஃப்/5.6 ஆகிறது. லென்ஸ் 755 கிராம், கன்வெர்ட்டர் ஏறத்தாழ 190 கிராம். இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவைத் தொடவில்லை. நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் மரங்களை நோக்கி, கையிலேயே தாங்கிப்பிடித்து எடுத்த படங்களில், மேலலகின் ஓரமாக வரிசையாக ஓடும் நீலக் கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. துளையை முழுதாகத் திறந்தால் மெலிதான குழைவு தெரியும், எஃப்/7.1-க்குக் கொண்டுவந்தால் அதுவும் மறைந்துவிடும். குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பறவை இறங்கும்போது ஃபோகஸ் ஒரு கணம் தயங்குவது உண்மை என்றாலும், பறவையைச் சற்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டு தொடர்ந்தால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

200-500 லென்ஸில் கதை வேறு. 700 மி.மீ. எஃப்/8 என்பது காகிதத்தில் கவர்ச்சியாக இருக்கிறது. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, முக்காலியில் வைத்து, கரையில் கட்டியிருந்த படகு ஒன்றின் பக்கவாட்டில் எழுதியிருந்த பதிவு எண்ணை, கன்வெர்ட்டரோடு ஒருமுறையும், இல்லாமல் எடுத்து அதே அளவுக்கு கிராப் செய்து ஒருமுறையும் ஒப்பிட்டேன். காலை ஏழு மணிக்குக் கன்வெர்ட்டர் வென்றது: பெயிண்ட் உரிந்த விளிம்பு வரை தெளிவாகத் தெரிந்தது. கிராப் செய்தால் டி500-இன் 20.9 மெகாபிக்சலில் பாதிதான் மிஞ்சும் என்பதால் இதில் வியப்பில்லை. ஒன்பதரை மணிக்கு அதே படகு, அதே இடம். இப்போது இரண்டு படங்களிலும் எழுத்துகள் நீருக்கடியில் கிடப்பவைபோல நெளிந்தன, கன்வெர்ட்டர் படம் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கியிருந்தது. சூடேறிய சேற்றுத்தரையிலிருந்து எழும் கானலை எந்தக் கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாது. கன்வெர்ட்டர் போட்டால் படம் மங்குகிறது என்று குறைப்படுபவர்கள், அந்தப் படத்தை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும். பறக்கும் பூநாரைகளுக்கோ இந்த இணை ஒத்தே வரவில்லை. ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து, அது நிலைப்பதற்குள் கூட்டம் கடந்துவிடுகிறது.

மங்கலுக்கு இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. லென்ஸில் முன்பு கண்ணுக்குத் தெரியாமலிருந்த சிறு ஃபோகஸ் பிசகு, கன்வெர்ட்டர் சேர்ந்ததும் வெளிப்பட்டுவிடும். டி500 லென்ஸுக்குத் தனியாகவும், அதே லென்ஸும் கன்வெர்ட்டரும் சேர்ந்த இணைக்குத் தனியாகவும் ஏஎஃப் ஃபைன் டியூன் அளவை (அந்தப் பிசகைச் சரிசெய்யும் திருத்தம்) சேமித்து வைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் முதல் மாதம் முழுவதும் கன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். செய்த பிறகு 300 மி.மீ. படங்களில் கண்ணும் இறகும் ஒரே நேரத்தில் கூர்மையாயின. ஷட்டர் வேகமும் அப்படித்தான்: முன்பு 1/500 போதுமென்றிருந்த இடத்தில் இப்போது 1/1000-க்குக் கீழே இறங்குவதில்லை.

2 மடங்கு கன்வெர்ட்டர் நான்கில் ஒரு பங்கு ஒளியையே விட்டுவைப்பதால், எஃப்/2.8 லென்ஸ் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும் முன் உங்கள் லென்ஸ் கன்வெர்ட்டரை ஏற்குமா என்று கட்டாயம் பாருங்கள். முன்னே துருத்தி நிற்கும் இதன் கண்ணாடி, சாதாரண 70-300 வகை ஜூம்களின் பின்கண்ணாடியில் இடித்துவிடக்கூடும். பழைய கருவி விற்கும் கடை ஒன்றில் முதலில் நான் வாங்கியதில் தொடர்பு முனைகள் உப்பரித்திருந்ததால், கேமரா அதை அடையாளம் காணாமல் விழித்தது. திருப்பிக் கொடுக்க இரண்டு முறை சென்னைக்கு அலைந்தேன். ஏரிக்காற்றிலும் உப்பு உண்டு என்பதால், வீடு திரும்பியதும் முனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து வைக்கிறேன்.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு பயனும் உண்டு. கன்வெர்ட்டர் போட்டாலும் லென்ஸின் மிகக்குறைந்த ஃபோகஸ் தூரம் மாறுவதில்லை என்பதால், 300 மி.மீ. லென்ஸில் 1.4 மீட்டர் தொலைவிலேயே 420 மி.மீ. கிடைக்கிறது. கானல் எழுந்து பூநாரைகளைக் கைவிட்ட பிறகு, சாலையோர நாணலில் அமரும் தும்பிகளின் இறக்கை நரம்புகளை எடுத்தபடி பத்தரை மணி வரை அங்கேயே இருந்துவிடுகிறேன்.