பார்டர் டிசைனுக்குப் பள்ளி ரெக்கார்டு நோட்டு

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறேன். போன வருஷம் நான் வரைந்த பார்டர்களைப் பார்த்த நெசவாளர் அண்ணன், "இது எல்லாக் கடையிலயும் இருக்கேம்மா" என்றார். உண்மைதான். காலையில் போனில் நூறு படம் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் வேறென்ன வரும்?

அப்புறம்தான் மகளுடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டைப் போலவே எனக்கும் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் வெள்ளை, எதிர்ப்பக்கம் கோடு. வெள்ளையில் வரைகிறேன்; ஏன் அப்படி வரைந்தேன் என்று கோட்டில் எழுதுகிறேன். காரணம் எழுத வராவிட்டால், அது எங்கோ பார்த்த டிசைன் என்று புரிந்துவிடும். இந்த நோட்டின் அருமையே அதுதான். 1837-ல் டார்வின் தன் குறிப்பேட்டில் மரம்போல ஒரு கிளைப்படம் போட்டு, மேலே 'நான் நினைக்கிறேன்' என்று எழுதி வைத்தார். அதுவும் யோசிக்கும்போதே கிறுக்கியதுதான்.

தாள் பென்சிலுக்கு நன்றாக இருக்கிறது. ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறிவிடுகிறது. கெட்டி அட்டை என்பதால் தறிக்குப் பக்கத்தில் மடியில் வைத்தே வரையலாம். போனைத் தொடும் முன் தினமும் ஒரு பக்கம். நாற்பது பக்கத்தில் தேறியவை மூன்று. வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரின் வளையங்களைப் பார்த்துப் போட்ட பார்டர் இப்போது தறியில் ஏறியிருக்கிறது.