மறந்த நோட்டை யார் கொண்டுபோவது?

என் மகனுக்கு ஒன்பது வயது. எதைச் சொன்னாலும் முதல் பதில் 'முடியாது'. வேன் 7.40க்கு வரும், 7.35க்கு ஒற்றைக் காலில் சாக்ஸோடு சுவரில் பல்லி பார்த்துக்கொண்டிருப்பான். மூன்று வருஷம் கூடவே நின்று விரட்டினேன். போன ஜூனில் பள்ளி திறந்ததும் ஒதுங்கிக்கொண்டேன். பிள்ளையின் கூடவே நின்று ஒவ்வொன்றையும் நினைவூட்டுவதா, ஒதுங்கி அவனையே பார்த்துக்கொள்ள விடுவதா என்று கேட்டால், என் ஓட்டு ஒதுங்குவதற்குத்தான்.

கூடவே நின்றால் வேன் தவறாது, டைரியில் டீச்சரின் குறிப்பும் வராது. அது போதும் என்கிற வீட்டுக்குச் சரி.

ஆனால் அந்த வேலைக்கு விடுமுறையே கிடையாது. நான் ஊருக்குப் போன இரண்டு நாளும் அவன் நோட்டு இல்லாமல்தான் போனான். மூன்று வருஷமாக நினைவு வைத்துக்கொள்ளப் பழகியது நான்தான். போதாததற்கு, பிடிவாதக்காரப் பிள்ளைக்கு மல்லுக்கட்ட தினமும் ஓர் ஆள் கிடைக்கிறது.

ஒதுங்குவதில் செலவெல்லாம் முதலிலேயே. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டும். பொத்தான் போட, நாடா கட்டப் பழகத் தனி மரச்சட்டமே உண்டு. அதைப் பார்த்துத்தான் யூனிஃபார்ம், டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். கஷ்டமே அதுதான்.

முதல் பத்து நாள் நிலைமை இன்னும் மோசம். "நீதான் எடுத்து வைக்கல!" என்று கத்துவான். கண்டுகொள்ளாமல் விட்டால் அடம் ஒருமுறை உச்சத்துக்குப் போய் இறங்குவதுண்டு. உச்சத்தில் நாம் இறங்கி வந்தால், இன்னும் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். ஒருநாள் கணக்கு நோட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. "பாவம்மா, கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார் மாமியார். போகவில்லை. சாயங்காலம் வந்தவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ராத்திரி, பை வாசற்கதவில் சாய்ந்திருந்தது, காலில் இடறுகிற மாதிரி.

பல் தேய்ப்பது, மருந்து, சாலை கடப்பது இவற்றில் ஒதுங்கவில்லை. நோட்டை மறந்தால் அன்றைக்கே உறைக்கும். சொத்தைப் பல் அப்படியில்லை. கவனக்குறைபாடு என்று மருத்துவர் சொன்ன பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது, அவரிடமே கேளுங்கள்.

இப்போதும் எப்போதாவது வேனை விட்டுவிடுகிறான். அன்று ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். "இதுக்குப் பேர்தான் ஒதுங்குறதா?" என்கிறார் கணவர். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறேன்.