யார் கை செய்த கிட்டார்? மாஸ்டர்பில்ட், செமைட்டிஸ், ரிக் கெல்லி, ருவோகங்காஸ்

ஒரு தனி மனிதரின் பெயருக்காக எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தக் கிட்டாரில் அவர் கை எவ்வளவு பட்டிருக்கிறது? பட்டிருக்கிறது என்பதை எதை வைத்து நம்புவது? ஒலி எப்படி, எந்தப் பிரபலம் வாசித்தார் என்பதெல்லாம் அப்புறம்.

இந்த இரண்டு கேள்விகளோடு நான்கு இடங்களைப் பார்க்கலாம்: கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் கம்பெனியின் தனிப் பட்டறையான கஸ்டம் ஷாப், இங்கிலாந்தில் டோனி செமைட்டிஸ், நியூயார்க்கில் ரிக் கெல்லி, ஃபின்லாந்தில் யூஹா ருவோகங்காஸ். விலையிலும் வகையிலும் ஒன்றோடொன்று ஒட்டாதவைதான். ஆனால் வாங்குகிறவரின் ஆசை நான்கிலும் ஒன்றே.

ஃபெண்டர்: ஒரே கூரை, இரண்டு தரம்

ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1987-ல் ஜான் பேஜ், மைக்கேல் ஸ்டீவன்ஸ் என்ற இருவரோடு கொரோனா நகரில் தொடங்கியது. இன்று அங்கிருந்து வருபவை இரண்டு வகை. டீம் பில்ட் என்பது பல கைவினைஞர்கள் ஆளுக்கொரு வேலையாகச் சேர்ந்து முடிப்பது. மாஸ்டர்பில்ட் என்பது ஒரே பில்டர் பொறுப்பேற்று, மரம் பார்ப்பதிலிருந்து கடைசி செட்-அப் வரை கொண்டுபோவது. முதலாவது சுமாராக 4,000 முதல் 6,000 டாலர். இரண்டாவது 7,000-க்கு மேல் போய், பில்டரின் பெயரைப் பொறுத்து இன்னும் ஏறும்.

"ஒரே ஆள் எல்லாமே கையால் செய்தார்" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். பாடியும் (உடல்) நெக்கும் (கழுத்து) முதல் வெட்டில் இயந்திரத்திலிருந்துதான் வருகின்றன. கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்குத் தனி ஆள்: 1956-ல் ஃபெண்டரில் சேர்ந்த அபிகெய்ல் யபாரா 2013 வரை அதன் கம்பிச் சுருளைச் சுற்றினார், அவருக்குப் பின் ஹொசெஃபினா கம்போஸ். பில்டரின் கை உண்மையில் பேசுவது நெக்கின் பின்புற வளைவிலும், நெக்கில் பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்களின் முனைகளை உருட்டுவதிலும், நெக் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் கம்பிக்கான பள்ளம் வெட்டுவதிலும்தான். இடது கை உணர்வதெல்லாம் இவற்றைத்தான். அதனால் இயந்திர வெட்டு எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஒரு பலகையை டெலிகாஸ்டர் என்ற ஃபெண்டர் மாடலின் வடிவத்துக்கு யார் அறுத்தாலும் பலகை பலகைதான்.

பில்டர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். டாட் கிரவுஸ் ஜாக்சன் கம்பெனியிலிருந்து வந்தவர். எரிக் கிளாப்டனின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டார்களைச் செய்பவர் என்றே பெயர் பெற்றவர். மெல்லிய வி வடிவ நெக், சுத்தமான ஃபினிஷ் வேண்டும் என்றால் அந்தப் பக்கம் பார்க்கலாம். 2020 வரை அங்கே இருந்த ஜான் க்ரூஸ் வேறு திசை. ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வானின் 'நம்பர் ஒன்' ஸ்ட்ராட்டை 2004-ல் கீறலுக்குக் கீறல் நகலெடுத்தவர் அவர். பெயின்ட் உரிந்து, மரம் கறுத்துப்போன தோற்றம்தான் அவருடைய பலம். யூரி ஷிஷ்கோவ் பெலாரஸிலிருந்து அமெரிக்கா வந்தவர். செதுக்கலும் மரத்தில் அலங்காரம் பதிக்கும் இன்லேயும்தான் அவர் அடையாளம், அதனால் அவருடைய வேலை பல நேரம் வாசிப்பதைவிடப் பார்ப்பதற்கே போய்விடுகிறது. ரான் தார்ன் சொந்தப் பெயரில் கிட்டார் செய்துகொண்டிருந்துவிட்டு 2018-ல் உள்ளே வந்தவர். அளவுத் துல்லியத்தில் அவரைக் குறை சொல்வது கஷ்டம்.

பால் வாலரை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் முழு ரோஸ்வுட் டெலிகாஸ்டரின் நகல் அவர் செய்தது. மூலக் கிட்டாரை 1968-ல் ஃபெண்டரின் ரோஜர் ரோஸ்மைசலும் ஃபிலிப் குபிக்கியும் செய்தார்கள். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் ஹாரிசன் வாசித்தது அதைத்தான். லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜின் டிராகன் டெலிகாஸ்டர் நகலும் வாலருடையதே. இப்படிப்பட்ட நகல் வேலையில் பில்டரின் சொந்த ருசிக்கு இடமில்லை, அசலில் இருந்த கோணலையும் அப்படியே கொண்டுவர வேண்டும். தனி மனிதரின் கையைத் தேடிப் போகிறவர் இந்த வகை நகலை வாங்கினால், கிடைப்பது வேறொருவரின் கையை வாலர் எப்படிப் படித்தார் என்பது. எனக்கு அது பிடிக்கும். எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை.

அடையாளம் காண்பதற்கு வருவோம். டீம் பில்ட் கிட்டாரின் ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனித் தலை) பின்னால் கஸ்டம் ஷாப் முத்திரை மட்டும் இருக்கும். மாஸ்டர்பில்ட்டில் பில்டரின் பெயரும் அங்கே இருக்கும், கூட அவர் கையெழுத்திட்ட சான்றிதழும் வரும். இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஃபெண்டர் நெக் ஒட்டப்படுவதில்லை. நான்கு திருகாணியில் நிற்கிறது. ஆக ஹெட்ஸ்டாக்கில் உள்ள பெயர் நெக்குக்கு மட்டும்தான் சாட்சி. சீரியல் எண் பொறித்த நெக் பிளேட்டும் அதே நான்கு திருகாணியில்தான் இருக்கிறது, அதையும் மாற்றலாம். நல்ல நெக்கை இன்னொரு பாடியில் பூட்டி, சான்றிதழை மட்டும் கூட வைத்து விற்பதற்கு அரை மணி நேரம் போதும்.

அதனால் பழைய கிட்டார் வாங்குகிறவர் நெக்கைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். நெக்கின் அடிப்பகுதியில் பெரும்பாலும் பில்டரின் கையெழுத்தோ முத்திரையோ தேதியோ இருக்கும், நெக் உட்காரும் பாடியின் குழியிலும் குறிப்பு இருக்கலாம். இரண்டும் ஒத்துப்போக வேண்டும், சான்றிதழில் எழுதியிருக்கும் பாடி மரம், நிறம், ஃப்ரெட் அளவு, பிக்கப் எல்லாமும் ஒத்துப்போக வேண்டும். "திருகாணியைத் தொட்டால் மதிப்புக் குறைந்துவிடும்" என்று விற்பவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். இன்னொன்று: சீரியல் எண் 'சி இசட்' (CZ) என்று தொடங்கினால் அது க்ரூஸ் செய்தது என்று அர்த்தமில்லை. அந்த எழுத்துகள் கஸ்டம் ஷாப்பின் வேறு பலருடைய கிட்டார்களிலும் உண்டு.

இங்கே மூன்றாவது கை ஒன்றும் இருக்கிறது. 1995-ல் ஃபெண்டர் முதன்முதலாக ரெலிக் (புதிதையே தேய்ந்ததுபோல் காட்டும்) கிட்டார்களை வெளியிட்டபோது, அவற்றைப் பழையதாக்கும் வேலையைச் செய்தவர் மிசௌரியில் தனிப் பட்டறை வைத்திருந்த வின்ஸ் குனெட்டோ. 1999 வரை வந்த அந்தக் கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் 'குனெட்டோ ரெலிக்' என்றே தேடுகிறார்கள். அவை மாஸ்டர்பில்ட்கூட இல்லை. மரத்தைச் செதுக்கியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, தேய்த்தவர் பெயர் நிலைத்துவிட்டது.

டீம் பில்ட்டா மாஸ்டர்பில்ட்டா? கடைச் சுவரில் தொங்கும் மாஸ்டர்பில்ட், கடைக்காரர் தன் ருசிக்கு ஆர்டர் கொடுத்தது. நெக் தடிமனும் ரேடியஸும் (விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டின் வளைவு) அவர் சொன்னபடி. அதற்கு இரட்டை விலை கொடுப்பதைவிட, கைக்குப் பொருந்தும் ஒரு டீம் பில்ட்டைத் தேடி எடுப்பது புத்திசாலித்தனம். பில்டரிடம் உங்கள் அளவைச் சொல்லி, காத்திருந்து வாங்குவதாக இருந்தால் மட்டும் அந்தக் கூடுதல் தொகைக்கு அர்த்தம் இருக்கிறது.

செமைட்டிஸ்: பெயர் ஒன்று, நாடு இரண்டு

டோனி செமைட்டிஸ் லிதுவேனிய வம்சாவளி லண்டன்காரர். அலமாரி, மேசை செய்யும் தச்சராகத் தொழில் கற்றவர். பிக்கப் இரைச்சலைக் குறைக்க உலோகத் தகடால் முன்புறத்தை மூடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்தத் தகட்டில் துப்பாக்கிகளுக்குப் பூவேலை பொறிக்கும் டேனி ஓ'பிரையன் பொறிக்கத் தொடங்கினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரான் வுட், கீத் ரிச்சர்ட்ஸ் கைகளில் பளபளத்தவை இவைதான். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், டெயில்பீஸ்கூட அவரே உலோகத்தில் செதுக்கியவை. முதல் கேள்விக்கு இவரைப்போல் பதில் சொல்பவர் இந்த நால்வரில் இல்லை: பொறிப்பு வேலையும் பிக்கப்பும் தவிர கிட்டத்தட்ட எல்லாம் அவர் கைதான்.

இரண்டாவது கேள்வியில்தான் சிக்கல். 2000-ல் ஓய்வு பெற்று 2002-ல் இறந்தார். அதன்பின் ஜப்பானின் காண்டா ஷோகாய் அதே பெயரில் கிட்டார்கள் செய்துவருகிறது. நல்ல கிட்டார்கள், உரிமையோடு செய்பவை, ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் கைமாறிக் கைமாறி வரும்போது 'செமைட்டிஸ்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சுகிறது, எந்த நாட்டில் செய்தது என்பது உதிர்ந்துவிடுகிறது. இவற்றைத் தவிர அப்பட்டமான போலிகளும் உண்டு. நெக்கைக் கழற்றிப் பார்க்கும் வித்தை இங்கே உதவாது, ஒட்டிய நெக்.

பார்க்க வேண்டியது ஒழுங்கின்மையை. டோனியே செய்த கிட்டார் இரண்டை அருகருகே வைத்தால் அளவுகள் ஒத்துவராது. இரண்டு பிரிட்ஜ்கள்கூட அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. எல்லாம் கணக்காக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதையும் தாண்டி, முதல் உரிமையாளர் யார், அவரிடமிருந்து யாரிடம் போனது என்று அறுபடாமல் வரும் சங்கிலி இல்லாமல் இதில் பணம் போடக் கூடாது. வாசிக்க மட்டும் ஆசை என்றால் ஜப்பான் கிட்டார் போதும். டோனியே செய்த கிட்டாரின் விலையில் வீடு வாங்கலாம் என்பது மிகை, நல்ல கார் வாங்கலாம் என்பது மிகையில்லை.

கெல்லியும் ருவோகங்காஸும்

ரிக் கெல்லியின் கடை நியூயார்க் கிரீனிச் வில்லேஜில், கார்மைன் தெருவில். நகரத்தின் பழைய கட்டடங்களை இடிக்கும்போது வரும் உத்தரங்களும் சட்டங்களும்தான் அவருடைய மரம்: செல்சி ஹோட்டல், மெக்சார்லீஸ் மதுக்கடை என்று கிட்டாருக்குக் கிட்டார் ஊர்க்கதை. பெரும்பாலும் பைன். நூற்றாண்டுக்கு மேல் காய்ந்ததால் பிசின் இறுகி மரம் நன்றாக அதிரும் என்பது அவர் வாதம். அதில் ஆணிவேரான உண்மை எவ்வளவு, நம் ஆசை எவ்வளவு என்பதைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. ஆனால் லியோ ஃபெண்டர் முதலில் செய்துபார்த்த மாதிரிக் கிட்டாரும் பைன்தான் என்பதால், டெலிகாஸ்டர் வடிவத்துக்கு அந்த மரம் அந்நியமில்லை. அடையாளம் காண்பது எளிது: ஆணி அடித்த துளைகளும் கறைகளும் அப்படியே தெரியும். போலி செய்ய வேண்டுமானால் முதலில் ஒரு பழைய கட்டடத்தை இடிக்க வேண்டும். ஃபினிஷ் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்பவருக்கு இது ஆகாது.

யூஹா ருவோகங்காஸ் 1995-லிருந்து ஃபின்லாந்தில் சின்ன பட்டறையோடு செய்துவருகிறார். ஆர்க்டிக் பிர்ச், ஸ்பானிஷ் சீடர், சூட்டில் பக்குவப்படுத்திய மரம், நட்டுக்கு மூஸ் மானின் எலும்பு. எதுவும் பழைய கிட்டார் ஒன்றின் நகலாக இல்லை. உயிரோடு இருக்கும் பில்டரிடம் நேரடியாக ஆர்டர் கொடுப்பதால் இரண்டாவது கேள்வியே எழுவதில்லை. மறுவிற்பனைக்கு வந்தால் பட்டறையிடமே கேட்கலாம். குறை ஒன்றுதான்: திரும்ப விற்கப் போனால், ஃபெண்டர் மாஸ்டர்பில்ட்டுக்கு வரும் கூட்டம் இதற்கு வராது.

விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு என் தேர்வு ருவோகங்காஸ். ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவேன் என்பவருக்கு, குழியும் சான்றிதழும் ஒத்துப்போகும் ஒரு மாஸ்டர்பில்ட். பழைய பைன் மணக்கும் டெலி வேண்டுமென்றால் கெல்லி. அதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை.

எதை எடுத்தாலும் எல்லை தாண்டி வரவழைப்பதற்கு முன் ஃபிங்கர்போர்டு என்ன மரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரம் என்றால், 2019 நவம்பரிலிருந்து முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸில் விலக்கு இருக்கிறது. பிரேசிலிய ரோஸ்வுட் என்றால் 1992 முதல் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் அனுப்பினால் பில்டர் யாராக இருந்தாலும் கிட்டார் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்.