தயிர்சாதமா, பாக்கெட் தீனியா? 30 கிலோ நாயின் சாப்பாட்டுக் கணக்கு

பாக்கெட் தீனி வசதியானவர்கள் சமாச்சாரம், வீட்டுச் சாப்பாடுதான் மலிவு: பெரிய நாய் வளர்க்கும் சென்னை வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கிலோ விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு நாள் செலவைப் போட்டுப் பாருங்கள்.

கருத்தடை செய்த, 30 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,400 கலோரி வேண்டும். அடுக்குமாடி வீட்டில் படுத்தே கிடக்கும் நாய்க்கு இன்னும் குறைவு. பாக்கெட்டில் வரும் உலர் தீனியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி. ஆக 400 கிராம் போதும். கிலோ 250 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 100 ரூபாய்.

அதே கலோரியை வீட்டில் சமைக்க 200 கிராம் அரிசி, எலும்பில்லாத கோழி 300 கிராம், ஒரு முட்டை, ஒரு துண்டு பரங்கிக்காய், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டும். கோழி கிலோ 300 ரூபாய் என்றால் அதுவே 90 ரூபாய். மற்றதெல்லாம் சேர்த்து 120 ரூபாயை நெருங்கும், கேஸ் தனி. ரேஷன் அரிசி போட்டாலும் மிச்சமாவது பத்துப் பன்னிரண்டு ரூபாய்தான்.

பிறகு எப்படிப் பல வீடுகளில் 40 ரூபாய்க்குள் முடிகிறது? கறியைக் குறைத்து, தயிர்சாதத்தால் வயிற்றை நிரப்புவதால்தான். அரிசியில் புரதம் 7 சதவீதம் அளவுக்கே உண்டு. வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் வேண்டும் என்கிறது அமெரிக்க அளவுகோல். நாய் ஆசையாக நக்கிச் சாப்பிடும், உடம்பும் பருக்கும், தசை மட்டும் வற்றும். இதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கறி தாராளமாகப் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து இடிக்கும். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். அதற்குக் காசில்லாத வழி உண்டு: ஒரு முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்தால் சுமார் 2 கிராம் கால்சியம், இந்த எடை நாய்க்கு ஒரு நாளைக்கு அது போதும். துத்தநாகம், அயோடின் போன்றவற்றுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் சத்துப்பொடி வேண்டியிருக்கும். எலும்பை வேகவைத்துப் போடாதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மிச்சமான சாம்பாரும் பிரியாணியும் வெங்காயத்துக்காகவே விலக்கு. அது நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

பாக்கெட் தீனியில் இந்தத் தலைவலிகள் இல்லை. உறையில் ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதன் எதிரி நம் ஊர்க் காற்று. விலை குறைகிறதே என்று 20 கிலோ மூட்டை வாங்கினால் ஒற்றை நாய்க்கு அது 50 நாள் வரும். சென்னைப் புழுக்கத்தில் அதற்குள் கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும், ஐப்பசி மழையில் பூஞ்சையும் பிடிக்கும். 10 கிலோ பை, இறுக மூடும் டப்பா, அவ்வளவுதான். பச்சைக் கறி உணவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்: மின்வெட்டும் வெயிலும் சால்மொனெல்லா கிருமியும் உள்ள ஊருக்கு அது ஒத்துவராது.

என் ஓட்டு இரண்டையும் கலப்பதற்கு. காலையில் 200 கிராம் உலர் தீனி. மாலையில் மேலே சொன்ன சமையலில் பாதி, முட்டை ஓட்டுப் பொடியும் பாதி. ஒரே வேளையில் கொட்டாமல் இப்படிப் பிரித்துப் போடுவது, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்துள்ள பெரிய இனங்களுக்கு நல்லதும்கூட. புதிய உணவை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் பேதியாகும்.