ஏஜென்சியை மேய்க்க மேனேஜர் தேடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பெங்களூரில் மாடுலர் கிச்சன் செய்கிறோம். காமாட்சிபாளையத்தில் பட்டறை, ஜெயநகரில் ஷோரூம். கூகுள் விளம்பரத்தை வெளி ஏஜென்சி பார்த்தது. அவர்களைக் கண்காணிக்க ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் மேனேஜரைச் சேர்த்தோம். பேச்சு பிரமாதம். கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப் தரும் சான்றிதழைக் காட்டியே சம்பளத்தை ஏற்றினார். அது இலவசத் தேர்வு, ஓராண்டுதான் செல்லுபடி.

மாதாமாதம் பவர்பாயின்ட் வரும். லீட் (விளம்பரம் பார்த்து விசாரிப்பவர்கள்) ஏறுமுகம், ஒரு லீடுக்கான செலவு இறங்குமுகம். ஷோரூமில் மட்டும் ஈ ஓட்டினோம்.

முதலில் சந்தேகப்பட்டது எங்கள் டெலிகாலர் பெண்தான். "சார், பாதிப் பேர் நம்ம பழைய கஸ்டமர். கீல் கழண்டுடுச்சு, ஆள் அனுப்புங்கன்னு கூப்பிடுறாங்க" என்றார். தோண்டினால், பணத்தில் பெரும்பங்கு எங்கள் கடைப் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்துக்குப் போயிருக்கிறது. பெயரைத் தட்டித் தேடுபவர் எப்படியும் வந்திருப்பார். ஆனால் அந்தக் கிளிக் மலிவு, ஃபோனும் நிச்சயம் வரும், ரிப்போர்ட் பளபளக்கும். லொகேஷன் செட்டிங்கையும் கூகுள் கொடுத்தபடியே விட்டிருந்தார்கள். அதில் பெங்களூரில் இருப்பவர்களோடு, பெங்களூர் பற்றி ஆர்வம் காட்டிய வெளியூர்க்காரர்களும் சேர்த்தி. பாட்னாவிலிருந்து ஏன் விலை கேட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

கூகுள் ஆட்ஸில் சேஞ்ச் ஹிஸ்டரி என்று ஒரு பக்கம் உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று இரண்டு ஆண்டுகள் வரை காட்டும். அதைத் திறக்கச் சொன்னேன். மேனேஜர் மழுப்பினார். கடைசியில் பார்த்தால் அவரிடம் லாகினே இல்லை! ஏஜென்சி அனுப்பும் பவர்பாயின்ட்டில் லோகோவை மாற்றி எங்களுக்கு அனுப்புவதுதான் மாதம் முழுக்க அவர் பார்த்த வேலை.

அதைவிடக் கொடுமை, கணக்கே எங்கள் பெயரில் இல்லை. ஏஜென்சியின் கணக்கு, ஏஜென்சியின் கார்டு. எங்களிடம் வாங்கியதில் கூகுளுக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று காட்ட ஒரு பில்கூடக் கிடையாது. கேட்டால் "அது எங்கள் டேட்டா" என்கிறார்கள்.

ஆகவே விளம்பரக் கணக்கை உங்கள் மெயிலில், உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் திறங்கள். ஏஜென்சி தன் மேனேஜர் அக்கவுன்டை (பல வாடிக்கையாளர் கணக்குகளை ஓரிடத்திலிருந்து பார்க்கும் கணக்கு) அதோடு இணைத்துக்கொள்ளட்டும். வேண்டாமென்றால் நீங்களே துண்டித்துவிடலாம். இன்டர்வியூவில் சான்றிதழைக் கேட்காதீர்கள். உங்கள் சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டை (எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு விளம்பரம் போனது என்ற பட்டியல்) முன்னால் வைத்து, பணம் எங்கே வீணாகிறது என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே எங்காவது விரலை வைப்பார்.

நம் ஆள் இப்போது எங்கள் பெயரை ரெஸ்யூமேயில் போட்டுக்கொண்டு கோரமங்களா பக்கம் இன்டர்வியூ போகிறாராம்.