பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் பழக எஃப்ஆர்ஆர் லேப்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் இரண்டும் ரவுட்டர்கள் பாதைகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள்: முன்னது முக்கியமாக வலையமைப்புகளுக்கு இடையே, பின்னது ஒரே வலையமைப்புக்குள். இவற்றை இயக்கும் திறமூல மென்பொருள் எஃப்ஆர்ஆர், குவாகா என்ற பழைய மென்பொருளிலிருந்து 2017-இல் பிரிந்து வந்தது. அதையும், கன்டெய்னர்களை இணைத்து மெய்நிகர் வலையமைப்பு கட்டும் கருவியான கன்டெய்னர்லேப்பையும் சேர்த்து நெடுநாள் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்பீடு இது. ரவுட்டர் நிறுவனங்களின் மெய்நிகர் இமேஜ்கள் பலவும் ஜிபி கணக்கில் ரேம் கேட்பவை. எஃப்ஆர்ஆர் மிகச் சிக்கனம். 8 ஜிபி மடிக்கணினியில் பத்து ரவுட்டர்கள் தாராளமாக ஓடும். ரவுட்டர்களையும் இணைப்புகளையும் ஒரு யாமல் கோப்பில் எழுதி 'டிப்ளாய்' கொடுத்தால் போதும். கெடுத்துப் பார்த்துவிட்டு உடனே மறுபடி எழுப்பலாம் என்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். ரவுட்டிங் புரிவது உடையும்போதுதான்.

'ரவுட்டர் பிஜிபி' கட்டளையே ஏறவில்லையென்றால் முதலில், எந்தெந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்று சொல்லும் டீமன்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். பிஜிபி, ஓஎஸ்பிஎஃப் சேவைகளான பிஜிபிடி, ஓஎஸ்பிஎஃப்டி இரண்டும் 'நோ' என்றே வரும். 'யெஸ்' ஆக்கி எஃப்ஆர்ஆரை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

அடுத்தது பலரைக் குழப்புவது: இரண்டு ஏஎஸ்களுக்கு (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்புகள்) இடையே பிஜிபி செஷன் எழுந்துவிடும், ஒரு ரூட்கூட வராது. பிஜிபி சம்மரியில் ரூட் எண்ணிக்கைக்குப் பதில் 'பாலிசி' என்று நிற்கும். ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, வெளி ஏஎஸ்ஸுடன் பாலிசி (எதை ஏற்பது, எதை அனுப்புவது என்ற விதி) எழுதாதவரை ரூட்டை ஏற்பதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. இந்தச் சோதனையை ஒரே வரியில் அணைத்துவிடலாம், தயவுசெய்து அணைக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே பிரீஃபிக்ஸ் லிஸ்டும் (முகவரித் தொகுதிகளை வடிகட்டும் பட்டியல்) ரூட் மேப்பும் (ரூட்களை ஏற்கவும் மாற்றவும் விதிகள்) எழுதிப் பழகுங்கள்.

என் கணிப்பில் மிக அதிகம் கற்றுத்தரும் லேப் மூன்றே ரவுட்டர்கள் கொண்டது. ஏஎஸ் 65001-க்குள் ஆர்1, ஆர்2, ஆர்3 வரிசையாக ஓஎஸ்பிஎஃப் பேசட்டும். ஆர்1, ஆர்3 மட்டும் லூப்பேக் முகவரிகளில் (எந்தக் கேபிளையும் சாராத, ரவுட்டரின் சொந்த முகவரிகள்) ஐபிஜிபி (ஒரே ஏஎஸ்ஸுக்குள் பேசும் பிஜிபி) பேசட்டும். ஆர்1-க்கு வெளியிலிருந்து வரும் 203.0.113.0/24 ஆர்3-இல் தெரியும், ஆனால் சிறந்த ரூட்டாகத் தேர்வாகாது. அதன் நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய முகவரி) வெளி இணைப்பின் முகவரி. ஓஎஸ்பிஎஃப் அதை அறியாது. ஆர்1-இல் 'நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப்' (தன்னையே நெக்ஸ்ட் ஹாப்பாகச் சொல்லும் கட்டளை) கொடுத்ததும் ரூட் டேபிளில் ஏறிவிடும். அப்போதும் பிங் போகாது! பாக்கெட் ஆர்2 வரை போய் அங்கேயே விழும். நடுவில் இருக்கும் ஆர்2 பிஜிபி பேசாததால் அந்த முகவரி அதற்குத் தெரியாது. ஆர்2-ஐயும் சேர்த்து எல்லோருக்குமிடையே செஷன் போட்டால் தீரும். ஆறு ரவுட்டர்களுக்கு அதுவே 15 செஷன்கள். ரூட்களை வாங்கி மற்றவர்களுக்குச் சொல்லும் ரூட் ரிஃப்ளெக்டரின் தேவை அங்கே தானாகப் புரியும்.

ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு முனையின் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவு) மட்டும் 1400 ஆக்கிப் பாருங்கள். பிங் ஓடும், அண்டை ரவுட்டரைக் கண்டறியும் ஹலோ பாக்கெட்டுகளும் போகும், ஆனால் இரு ரவுட்டர்களின் உறவு எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் கட்டங்களிலேயே சிக்கி நிற்கும். எம்டியூ அளவைச் சுமந்து செல்வது அடுத்து வரும் டிபிடி பாக்கெட் (ரவுட்டர் தனக்குத் தெரிந்தவற்றின் சுருக்கம்); தன் அளவைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் மறுமுனை அதை ஏற்காது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்பில் இது கண்ணெதிரே தெரியும். 'எம்டியூ-இக்னோர்' கட்டளை நோயை மறைக்கும், தீர்க்காது.

2008 பிப்ரவரியில் யூடியூபின் 208.65.152.0/22-க்குள் அடங்கிய 208.65.153.0/24-ஐப் பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்து, உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த டிராஃபிக்கைத் தன் பக்கம் இழுத்தது. அதே இயக்கத்தை மூன்று ஏஎஸ்களில் செய்து பார்க்கலாம்: ஒருவர் 198.51.100.0/24 அறிவிக்க, இன்னொருவர் அதன் /25 பாதியை அறிவிக்கட்டும். நீளமான பிரீஃபிக்ஸே (சிறிய முகவரித் தொகுதி) வெல்லும். /24-ஐவிட நீண்டதை மறுக்கும் பிரீஃபிக்ஸ் லிஸ்ட் போட்டதும் திருட்டு நிற்கும். அதே /24-ஐயே திருடினால் அந்த லிஸ்ட் உதவாது, முகவரியை அறிவிக்க யாருக்கு உரிமை என்று சரிபார்க்கும் ஆர்பிகேஐ பக்கம் போக வேண்டும்.

குறைகளும் உண்டு. வன்பொருளின் வரம்புகளை இந்த லேப் காட்டாது. கட்டளைகள் சிஸ்கோ பாணிக்கு நெருக்கமானவை, ஜூனிப்பருக்குத் தனியாகப் பழக வேண்டும். இன்னொன்று, மெய்நிகர் கேபிளின் ஒரு முனையை இறக்கினால் மறுமுனையும் உடனே விழும். அதனால் நேரடி இணைப்பில் 180 நொடி ஹோல்டு டைமரை (மறுமுனை மௌனமானால் பிஜிபி காத்திருக்கும் நேரம்) அனுபவிக்கவே முடியாது. அதைப் பார்க்க, இணைப்பை இறக்காமல் லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில், பிஜிபி பயன்படுத்தும் டிசிபி 179-ஐ இரு திசையிலும் டிராப் செய்யுங்கள். செஷன் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் உயிரோடு இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

லேப்பைக் கலைக்க 'டெஸ்ட்ராய்' கொடுத்தால் கன்டெய்னருக்குள் சேமித்தவை போய்விடும். எஃப்ஆர்ஆர் கான்ஃபிக் அடைவை வெளியிலிருந்து (உங்கள் கணினியின் ஓர் அடைவோடு) பைண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.