"ராத்தா, முந்தி என்ன மாத்தினீங்க?": கல்முனையில் என் சேவரைப் பார்த்துத் தந்த கடை

வாப்பாவின் தறியில் இறங்கும் சாறனையும் சாரியையும் மருதமுனையிலிருந்து இணையத்தில் விற்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் தளம் இழுக்கத் தொடங்கியது. திறந்தால் வெறும் வெள்ளை. சிலருக்கு 5 செக்கன், சிலருக்கு 10 செக்கன் போனபிறகுதான் முதல் பக்கமே வரும். அதற்குப் பிறகு அடுத்த பக்கங்கள் டக்கென்று வந்துவிடும். "கடையைப் பூட்டிட்டியா மகள்?" என்று கொழும்பிலிருந்து மாமி கோல் எடுத்தா. தளத்தைச் செய்து தந்தவரோ, தன் பக்கம் வேகமாகத்தான் இருக்கிறது, சேவருக்குக் கூடக் காசு கட்டிப் பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்றார்.

காசு கட்டுமுன் கல்முனை பஸாரில் மாடியில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி விலை பேசவில்லை. "ராத்தா, மெதுவாகுறதுக்கு முந்தி என்ன மாத்தினீங்க?" என்றுதான் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிய வேண்டும் என்று தளம் செய்தவரிடம் நான்தான் கேட்டிருந்தேன்.

என்னைப் பக்கத்தில் இருத்திக் காட்டினார். தளம் இருக்கும் கணினியான சேவரில் வேலைப்பளுவே இல்லை. இணைப்பு உடனே கிடைக்கிறது, முதல் எழுத்து வரத்தான் தாமதம். வந்து போனவர்களைச் சேவர் குறித்து வைக்கும் பதிவுக் கோப்பில், அவர்களுடைய இணைப்பின் ஐபி எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெயர்கள். பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சியில் 'ஹோஸ்ட்நேம்லுக்கப்ஸ்' என்ற வரியை 'ஆன்' ஆக்கியிருக்கிறார்கள். வருகிறவரின் எண்ணுக்குப் பெயர் என்ன என்று எண்ணையும் பெயரையும் இணைத்துச் சொல்லும் டிஎன்எஸ் சேவையிடம் சேவர் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடரும். பதில் வராத எண் என்றால் காத்துக் கிடக்கும். சேவரின் இயங்குதளமான லினக்ஸில் ஒரு தடவை காத்திருப்பது வழமையாக 5 செக்கன். தளம் செய்தவரின் எண்ணுக்குப் பதில் உடனே கிடைத்திருக்கும், அவருக்கு வேகமாகத் தெரிந்தது அதனால்தான். அப்பாச்சியின் 1.3 பதிப்பிலிருந்தே அந்த வரி இயல்பில் 'ஆஃப்' தானாம்.

பழைய கோப்பைத் திகதி போட்டுப் பிரதி எடுத்து வைத்தார். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் 'ஆஃப்' ஆக்கி, பிழை இருக்கிறதா என்று சோதித்து, தளத்தை நிறுத்தாமலே அப்பாச்சியைப் புதுப்பித்தார். பெயர்கள் வேண்டுமென்றால் இரவில் 'லொக்ரிசால்வ்' என்ற கருவியை ஓட்டிப் பதிவுக் கோப்பிலிருந்து எடுக்கலாம் என்று அதையும் எழுதித் தந்தார். அங்கேயே என் போனில் திறந்தேன்: ஒரு செக்கன்கூட ஆகவில்லை. கண் கலங்கிவிட்டது, அந்த வாரத்து ஓடர்களை நம்பித்தான் நூல் வாங்கியிருந்தோம்.

3,000 ரூபாய் எடுத்தார். பில் கேட்டு வாங்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டியிருக்கும், அஸருக்குப் பிறகு போங்கள். சேவர் பாஸ்வேர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்; அது இல்லாமல் போய் நான் இரண்டாம் முறையும் பஸ் ஏற வேண்டி வந்தது.